தாழம்பூவும் வாக்குமூலமும்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையிலே கூடும் இலட்சோப இலட்சம் மக்களில், அந்த ஊரின் தலபுராணம் ஒரு வழக்கு விசாரணை என்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்? பிரமனுக்கும் திருமாலுக்கும் யார் பெரியவர் என்ற போட்டி. நெருப்புத் தூணாக எழுந்து நின்றாராம் சிவனார். அடியைக் காணப் பன்றியாகி மண்ணைக் குடைந்தார் ஒருவர். முடியைக் காண அன்னமாகி விண்ணிலே பறந்தார் மற்றவர். குடைந்தவர் களைத்துத் திரும்பி, காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். பறந்தவரோ, மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழியிலே சரிகட்டி அழைத்து வந்து, ‘முடியைக் கண்டேன், இதோ சாட்சி!’ என்றார். பொய் வெளிப்பட்டது. பிரமனுக்குக் கோவில் இல்லை, தாழம்பூவுக்குப் பூசையில் இடமில்லை என்று தீர்ப்பாயிற்று.

பூ பேசுமா, பன்றி பாதாளம் போகுமா என்ற கேள்விகளை நம் தோழர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அவற்றைத் திரும்பக் கேட்டு இடத்தை நிரப்பப் போவதில்லை. நம் கண்ணில் படுவது வேறொன்று. அந்த விசாரணையிலே எவருடைய உயரம் பற்றிய வழக்கோ, அவரே நீதிபதி. தூணும் அவர், தீர்ப்பும் அவர். நல்ல நீதிமன்றந்தான்! ஆனாலும் புராணம் புனைந்தவருக்கு ஒரு யோசனை மட்டும் தோன்றவில்லை. அன்னத்தைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, ‘நான் பொய் சொன்னேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று அவர் நினைக்கவில்லை. திருமாலின் ஒப்புதலை யாரும் கறக்கவில்லை. பொய் சொல்லியிருக்கக் கூடியவர், பொய் சொல்லாமல் வந்து உண்மையைச் சொன்னார். அதனால்தான் அந்த ஒப்புதலுக்குக் கதையிலே மதிப்பு.

கோவிலைவிட்டு நீதிமன்றத்துக்கு வருவோம். திருவண்ணாமலை 1989 முதல் மாவட்டத் தலைநகர். மாவட்டத் தலைநகர் என்றால் அமர்வு நீதிமன்றம் உண்டு, வழக்குக் கட்டுகள் உண்டு. இந்த ஊரானாலும், வேலூரானாலும், விழுப்புரமானாலும் அந்தக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அவற்றிலே ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்ற ஒரு பகுதி இருக்கும். சட்டத்தாள் என்று அதை வக்கீல்களிடம் விட்டுவிடுகிறோம். இலக்கிய ஏடு நடத்துகிறவர்கள், திறனாய்வாளன் கண்கொண்டு அதை ஒருமுறை படித்துப் பார்த்தால் என்ன?

தன்மையிலே எழுதப்படுவது அது. ‘நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்’ என்று தொடங்கும். பிறப்பு, பிழைப்பு, பகை, சம்பவம் என்று நடக்கும். எழுத்தறியாத கல்லுடைக்கும் தொழிலாளியும் அதிலே ‘மேற்படி’ என்பான். செங்கற்சூளையிலே பிறந்து வளர்ந்தவனும் ‘சம்பவ இடத்திலிருந்து தப்பிச் சென்று தலைமறைவாக இருந்து வந்த நிலையில்’ என்பான். கோழி திருடியவனுக்கும் கொலை செய்தவனுக்கும் ஒரே நடை, ஒரே சொல்லாட்சி, ஒரே மூச்சு. கடைசியிலே தவறாமல் ஒரு வாக்கியம் வரும்: என்னை அழைத்துச் சென்றால், மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர்படுத்துகிறேன்!

நம் புலவர்கள் ஏட்டுச் சுவடிகளை ஆராயும்போது என்ன செய்தார்கள்? நடை மாறுகிறதா, சொல் பிற்காலத்ததா என்று பார்த்து, இது இடைச்செருகல், இது மூல ஆசிரியன் வாக்கு என்று பிரித்துக் காட்டினார்கள். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் என்ன தெரிகிறது? ஆயிரம் ‘நான்’களுக்கு ஆசிரியன் ஒருவனே என்று தெரிகிறது. அவன் நிலையத்திலே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். அந்தக் கடைசி வாக்கியம் ஏன் தவறாமல் வருகிறது என்பதையும் அவனே அறிவான். போலீசாரிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அந்த ஒப்புதலால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு உரிய பகுதி மட்டும் செல்லும். சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு அது. கைநாட்டுப் போடுகிறவனுக்குச் சட்டப்பிரிவு தெரிந்திருக்கிறது என்று நம்பச் சொல்கிறது அந்தத் தாள்!

கீழே இரண்டு சாட்சிகள். பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும். இன்னொரு வகையும் நம் மாநிலத்திலே பரவலாக உண்டு. கொலை செய்தவன், இன்னும் பிடிபடாதவன், யார் தூண்டுதலும் இன்றி, முன்பின் பழகாத கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்தைத் தேடிச் சென்று மனம் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். அவர் எழுதிக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குப் போவார். போலீசாரிடம் சொன்னால்தானே செல்லாது. இவர் போலீஸ் அல்லவே! பெற்ற தாயிடம் சொல்லாததை, கட்டிய மனைவியிடம் சொல்லாததை, முகமறியாத அதிகாரியிடம் ஏன் சொன்னான் என்று நீதிமன்றங்கள் பலமுறை கேட்டிருக்கின்றன. பல வழக்குகளிலே நம்ப மறுத்தும் இருக்கின்றன. ஆயினும் அவன் போய்க்கொண்டேதான் இருக்கிறான்.

போலீசாரிடம் சொன்னது செல்லாது என்ற விதியை வகுத்தவர்கள் குற்றவாளிகள்மீது இரக்கம் பூண்ட மகான்கள் அல்லர். வெள்ளைக்கார ஆட்சியாளர்கள்! அவர்கள் ஏன் வகுத்தார்கள் என்று தேடிப் போனால், பாதை நம் சென்னை இராசதானிக்கே வந்து சேருகிறது. 1854-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே, சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காகக் குடியானவர்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் கொண்ட குழு அமைக்கப்பட்டு, 1855-இல் அறிக்கை வந்தது. திருவண்ணாமலை அந்நாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. அந்த மாகாணத்துக்கு உட்பட்டதுதான்.

அந்த அறிக்கையிலே இரண்டு தமிழ்ச் சொற்கள் ஆங்கில எழுத்திலே அழியாமல் நிற்கின்றன. ஒன்று கிட்டி: இரண்டு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று அண்ணாந்தாள்: ஒருவனுடைய துணியாலோ கயிற்றாலோ கழுத்தையும் கால்விரலையும் இணைத்து, குனிந்தபடியே கட்டிப் போட்டுவிடுவது. மிளகாய்ப்பொடியும் உண்டு, உச்சி வெயிலும் உண்டு. தமிழ் உலகுக்கு அளித்த சொற்கள் என்று நாம் பெருமையோடு பட்டியல் போடுகிறோமே, அதிலே இவ்விரண்டையும் சேர்ப்பதில்லை! காரல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க் நாளேடு ஒன்றிலே இந்திய வதைகள் பற்றி எழுதியபோது கையில் வைத்திருந்ததும் இந்த அறிக்கைதான். வரி தண்டியவனும் திருடனைப் பிடித்தவனும் அன்றைக்கு ஒரே ஆள் என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை. வரிக்குப் பழகிய கை, வாக்குமூலத்துக்கும் பழகியிருந்தது.

1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலே, போலீசாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்று எழுதினார்கள். 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் சாட்சியச் சட்டத்தை வரைந்தபோது, அதையே 25, 26, 27-ஆம் பிரிவுகளாக அமர்த்தினார். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணிலே மிளகாயைத் தேய்ப்பது சுகம் என்று நிலைமையை அறிந்த ஓர் அதிகாரி தம்மிடம் சொன்னதாகப் பின்னாளில் அதே ஸ்டீபன் எழுதி வைத்தார். பிரிவுக்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டுமோ? 2024 சூலை 1 முதல் பழைய சட்டம் போய், வடமொழிப் பெயர் தாங்கிய பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. பெயர் மாறிற்று, மூன்று பிரிவுகளும் 23-ஆம் பிரிவு என்ற ஒரே கூரையின்கீழ் அப்படியே வந்து அமர்ந்தன. 27-ஆம் பிரிவின் வாசலும் கூடவே வந்தது.

அதே ஆட்சியாளர்கள் 1871-இல் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. குற்றப் பரம்பரைச் சட்டம் செய்தார்கள். போலீசாரின் சொல்லை நம்ப முடியாது என்று எழுதியதற்கு முந்திய ஆண்டிலேதான், சில சாதியார் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதினார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவரும் கள்ளரும் பிறரும் அதன்கீழ் வாடினர். 1947-இல் இங்கே நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கிற்று என்பதே பொருத்தம். ஊரிலே ஒரு வீட்டில் நகை காணாமற்போனால் போலீஸ் வண்டி முதலில் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதைத் திருவண்ணாமலைப் பக்கத்து இருளர் குடியிருப்பிலும் குறவர் குடியிருப்பிலும் கேட்டுப் பாருங்கள். வருணாசிரமத்துக்குப் போலீஸ் நிலையத்திலும் ஒரு மணை உண்டு.

இனி இலக்கியத்துக்கு. ஒப்புதல் என்ற பொருளை நம் எழுத்தாளர்கள் எப்படிக் கையாண்டார்கள்?

சிலப்பதிகாரத்திலே கோவலனிடம் வாக்குமூலம் வாங்கியவர் எவருமில்லை. அவனை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொற்கொல்லன் சொன்னான், மன்னன் நம்பினான், காவலன் வெட்டினான். சிலம்பு அவன் கையில் இருந்தது என்பதே கண்டுபிடிப்பு. 27-ஆம் பிரிவுக்கு மூதாதை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். கண்ணகி என்ன செய்தாள்? தன் கணவன் நல்லவன் என்று ஊராரைச் சாட்சிக்கு அழைத்தாளா? பொருளைக் கேட்டாள். அரசியின் சிலம்பிலே முத்து, தன் சிலம்பிலே மாணிக்கம். உடைத்துப் பார் என்றாள். உடைந்தது, தெறித்தது, தெரிந்தது. அதன்பின் அரசன் தன்னையே கள்வன் என்று சொல்லி வீழ்ந்தான். அந்தக் காப்பியம் முழுதும் ஒரே ஓர் ஒப்புதல் வாக்குமூலந்தான் உண்டு. அது குற்றஞ்சாட்டப்பட்டவனுடையது அன்று. கொல்லச் சொன்னவனுடையது. அவையிலே, அனைவரும் காண, அடிக்காமல் அழைக்காமல் வந்தது. இளங்கோவை நாம் ஆயிரம் காரணம் காட்டிப் புகழ்கிறோம். இந்தக் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1952-இல் வந்த பராசக்தியின் நீதிமன்றக் காட்சியை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குணசேகரனும் குற்றத்தை மறுக்கவில்லை. ஆனால் கூண்டில் நின்று, தன் நாவால், தன் காரணங்களோடு சொல்கிறான். அந்தப் பேச்சை மனப்பாடம் செய்த தலைமுறையிலே பலர், அப்படிப் பேசும் வாய்ப்பு ஏழைக் குற்றவாளிக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்காமலேயே விட்டுவிட்டார்கள்.

மு. சந்திரகுமார், கோவையில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். ஆந்திரத்துக் குண்டூரிலே தாமே பட்டதை ‘லாக்கப்’ என்ற நூலாக எழுதினார். அதை மூலமாகக் கொண்டு வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’, 2015-இல் வெனிஸ் விழாவிலே காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் இங்கே திரைக்கு வந்தது. அதன் முற்பகுதியைத் தமிழ்த் திரையுலகம் செய்த நல்ல காரியங்களிலே ஒன்றாக வைக்கிறோம். அடிப்பதைக் காட்டியதற்காக அன்று; அடியைப் பல படங்கள் காட்டியிருக்கின்றன. வாக்குமூலம் எப்படி உற்பத்தியாகிறது என்பதைத் தொழிற்சாலையைக் காட்டுவதுபோலக் காட்டியதற்காக. பிழைக்கப் போன தமிழர்கள், பேசுவது தமிழ், அவர்களைக் கேட்பது தெலுங்கு. நடந்த திருட்டு என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி ஒப்புக்கொள்வது? அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அந்தப் படத்திலே நாம் இன்னொன்றையும் கற்றோம். போலீசாரிடம் செய்த ஒப்புதல் செல்லாது என்று சட்டம் சுவர் எழுப்பியிருக்கிறது அல்லவா? சுவரை இடிக்க வேண்டியதே இல்லை. நீதிபதியின் முன்னே குற்றவாளியே வாய்திறந்து ஆம் என்று சொல்லும்படி அவனைப் பழக்கிவிட்டால் போதும். லாக்கப்பிலே எழுதிய வசனத்தை நீதிமன்றத்திலே பேச வைப்பது! படத்திலே அந்த ஏற்பாடு கடைசி நேரத்தில் தவறுகிறது. தற்செயலாக அங்கே வந்திருந்த தமிழ் போலீஸ் அதிகாரி ஒருவர், அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். நம் குறை இங்கேதான். தற்செயல் காப்பாற்றியது என்று கதை சொல்லும்போது, தற்செயல் வராத நாட்களில் என்ன நடக்கிறது என்ற கேள்வி படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. பிற்பகுதியோ வேறு கதைக்குத் தாவிப் போய்விடுகிறது.

2021 நவம்பரில் வந்த ‘ஜெய் பீம்’ 1993-இன் உண்மை வழக்கு. அன்றைய தென்னார்க்காட்டின் முதனை ஊரைச் சேர்ந்த ராஜாகண்ணு, நகைத்திருட்டு என்ற ஐயத்தின்பேரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, உயிரோடு திரும்பவில்லை. அவருடைய மனைவி பார்வதிக்காக உயர்நீதிமன்றத்திலே ஆட்கொணர்வு மனு நடத்தியவர், பின்னாளில் நீதிபதியான வழக்கறிஞர் சந்துரு. ராஜாகண்ணு குறவர், படத்திலே இருளர் ஆக்கியிருக்கிறார்கள். அந்த மாற்றம் குறவர்க்கு நேர்ந்ததை அவர்களிடமிருந்தே பறித்தது என்ற குறையை நாம் தள்ளிவிட மாட்டோம். படத்தின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஒப்புக்கொள் என்ற ஒரு சொல்லுக்கு ஒருவன் இறுதிவரை இணங்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் இரசிகனின் முகத்தெதிரே வைத்தது அது.

அந்த இரசிகனைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வழக்கறிஞராக வந்து நிலையத்தின் கொடுமையைத் தோலுரித்த அதே சூர்யா, 2003-இல் ‘காக்க காக்க’விலும் 2010-இல் ‘சிங்க’த்திலும் காக்கி உடுத்தி வந்தவர். அங்கே ஓங்கிய கைக்கும் கைதட்டினோம், இங்கே அதைத் தடுத்த கைக்கும் கைதட்டினோம். நடிகரைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு முறையும் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நாம்தான்.

உயர்ந்த அதிகாரி எழுதினால் சரியாக இருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஏட்டு எழுதினால் சந்தேகம், கண்காணிப்பாளர் எழுதினால் நம்பிக்கை! தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு இந்த நம்பிக்கையின்மீதே கட்டப்பட்டது. கண்காணிப்பாளர் பதவிக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த ஒப்புதல், நீதிமன்றத்திலே சாட்சியமாகும். 1994 மார்ச் 11-இல் கர்த்தார் சிங் வழக்கிலே உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அதைச் செல்லும் என்றது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் நம் தமிழகத்து நீதிபதி இரத்தினவேல் பாண்டியன். மறைவில்லாத சூழ்நிலையில் எழுத வேண்டும், சொன்னவன் மொழியிலேயே எழுத வேண்டும், தாமதமின்றி நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று நிபந்தனைகளையும் அவர் எழுதினார். இராமசாமி, சகாய் என்ற இரு நீதிபதிகள் 15-ஆம் பிரிவை ஏற்கவில்லை. மூன்றுக்கு இரண்டு! 1995-இல் தடா காலாவதியாயிற்று. 2002-இல் அதே வாசகம் பொடாவாக உயிர்த்தெழுந்து, 2004-இல் மறைந்தது. இடையிலே, 2003-இல் மலிமத் குழு, இந்த ஏற்பாட்டைப் பயங்கரவாத வழக்குகளோடு நிறுத்தாமல் எல்லா வழக்குகளுக்கும் விரிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

உயர்பதவியிலே இருப்பவரின் பேனா நேராக ஓடும் என்ற இந்தக் கொள்கை ஒரு தமிழ் இளைஞன்மீது எப்படி ஓடிற்று என்பதை நாடு அறியும். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொலையுண்டார். அவரோடு காவலர்களும் பொதுமக்களும் மாண்டனர். அந்தக் கொடுமைக்கு நாம் நியாயம் தேடவில்லை, தேடவும் மாட்டோம். சூன் மாதம் பிடிபட்டவர்களிலே ஒருவர் சோலையார்பேட்டையைச் சேர்ந்த பேரறிவாளன், வயது 19. திருவண்ணாமலையிலிருந்து செங்கம் வழியாகப் போனால் அதிகத் தொலைவில்லாத ஊர். ஒன்பது வோல்ட்டு பேட்டரிகள் இரண்டு வாங்கிச் சிவராசனிடம் கொடுத்தார் என்பது அவர்மீது சொல்லப்பட்டவற்றிலே தலையாயது. ஒப்புதலைப் பதிவு செய்தவர் மத்தியப் புலனாய்வுத் துறைக் கண்காணிப்பாளர் தியாகராசன். அந்தப் பேட்டரிகள் குண்டை வெடிக்கப் பயன்பட்டவை என்ற வாக்கியம் அதிலே இருந்தது. 1998 சனவரி 28-இல் பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11-இல் உச்சநீதிமன்றம் 19 பேரை அந்த வழக்கிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது. தடாக் குற்றமே இந்த வழக்கில் மெய்ப்பிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டு, தடாவின்கீழ் வாங்கிய ஒப்புதல்கள் மட்டும் செல்லும் என்றது! வீடு இடிந்துவிட்டது, கதவு மட்டும் நிற்கும் என்பதுபோல. நால்வரில் ஒருவர் பேரறிவாளன்.

2013-இல் ஓர் ஆவணப்படத்துக்காக ஓய்வுபெற்ற தியாகராசன் பேசினார். எந்தக் காரியத்துக்காக அந்தப் பேட்டரிகள் என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொல்லியிருந்தாராம். அதைத் தாம் எழுதவில்லை என்றார் தியாகராசன். எழுதியிருந்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே இருந்திருக்காது என்பது அவர் தந்த காரணம். 2017-இல் உச்சநீதிமன்றத்திலேயே இதைப் பிரமாணமாகத் தாக்கல் செய்தார்.

ஏட்டுச் சுவடி ஆராய்ச்சியிலே இடைச்செருகலைக் கண்டுபிடிப்பது எளிது. விடுபட்டதைக் கண்டுபிடிப்பது அரிது. ‘எதற்கென்று தெரியாது.’ தமிழிலே இரண்டே சொல். ஒரு வரிகூட நிரம்பாது. அந்த இரண்டு சொல் தாளிலே இல்லாததால், ஒருவன் சொன்னதன் பொருள் தலைகீழாயிற்று. மற்ற ஒவ்வொரு சொல்லும் மெய்யாகவே இருந்தாலும் முழுவதும் பொய்யாகிவிட முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டுமோ? எவருடைய பதவியை நம்பிச் சட்டம் எழுதப்பட்டதோ, அந்தப் பதவியிலே இருந்தவரே விட்டுவிட்டார். அவர் கிட்டி பூட்டியதாகவோ மிளகாய் தேய்த்ததாகவோ நாம் சொல்ல வரவில்லை. நிழலிலே உட்கார்ந்து பேனா பிடித்தவர், ஒரு வாக்கியம் எழுதாமல் விட்டார், அவ்வளவே.

அந்தப் பெருவழக்கிலே குவிந்த ஒப்புதல்களிலே, யாரும் கேட்காமல், யாரும் கட்டாமல், தனக்கே இழுக்கு வரும் என்று தெரிந்தும் சொல்லப்பட்ட ஒப்புதல் எது என்று தேடினால், நமக்குத் தென்படுவது தியாகராசனுடையதுதான். பாண்டியனுக்கு அந்த நேரத்திலேயே வந்த சொல், இவருக்கு வர 22 ஆண்டுகள் பிடித்தன. அதற்காக அவரைத் தூற்றுவோர் உண்டு. வாயே திறவாமல் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருந்திருக்கலாமே என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம். 2014-இல் தூக்கு ஆயுளாயிற்று. மகனுக்காகச் சிறைவாயிலுக்கும் தலைவர்கள் வாயிலுக்கும் நடந்து நடந்து தேய்ந்தார் அற்புதம் அம்மாள். 2022 மே 18-இல் உச்சநீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைக் கொண்டு பேரறிவாளனை விடுவித்தது. 19 வயதிலே உள்ளே போனவர், 50 வயதிலே வெளியே வந்தார்.

வெள்ளையர் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1974-இல் பர்மிங்காம் நகரில் குண்டு வெடித்த வழக்கிலே ஆறு அயர்லாந்துக்காரர்கள் ஆயுள் தண்டனை பெற்றார்கள், ஒப்புதல்கள் இருந்தன. 1991-இல் அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டபோது, அந்தப் போலீஸ் குறிப்புத்தாள்களே சோதனையிலே காலை வாரிவிட்டன. நடுவிலே 1984-இல் இங்கிலாந்து, காவலில் விசாரிப்பதற்கான விதிகளை அடியோடு மாற்றி எழுதிற்று; விசாரணையை ஒலிப்பதிவு செய்வது அதன்வழி வந்தது. நமக்கு அந்த விதி ஏன் எட்டாக்கனி?

ஒப்புதல் இல்லாமல் திருடனை எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். கேள்வி நேர்மையானதுதான், களவு கொடுத்தவரின் கண்ணீரும் கண்ணீரே. ஆனால் கைரேகை, இரத்தம், தொலைபேசிக் கணக்கு, கண்காணிப்புப் படக்கருவி என்று விஞ்ஞானம் கொண்டுவந்து கொட்டியிருக்கும் காலத்திலே, 1855-இன் கைத்தொழிலை விட மாட்டோம் என்பவரை என்னவென்று அழைப்பது? 2020 டிசம்பரிலே எல்லாக் காவல் நிலையங்களிலும் படக்கருவி பொருத்த வேண்டுமென்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2025 சூனிலே சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில், கோவில் காவலாளி ஒருவர், காணாமற்போன நகை எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லச் சொல்லித் தாக்கப்பட்டு, போலீஸ் பிடியிலேயே மாண்டார். அங்கே நிலையத்துக்குள்ளே நடக்கவில்லை. கோவிலின் பின்புறத்திலே நடந்தது. அதைக் கைப்பேசியிலே படம் பிடித்தவர் ஒருவர் இருந்ததால் ஊர் அறிந்தது; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. நகையை எடுத்துக் கொடு என்று கேட்ட அந்தக் குரலுக்கும், ‘எடுத்து ஆஜர்படுத்துகிறேன்’ என்று முடியும் அந்த வாக்கியத்துக்கும் உள்ள உறவை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

திருவண்ணாமலைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். தீபத்தன்று துண்டறிக்கை கொடுக்கிறீர்கள், தலபுராணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நன்று, செய்யுங்கள். மற்ற நாட்களிலே ஒருநாள் அமர்வு நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். அது திறந்த மன்றம். நுழைவுச் சீட்டும் இல்லை, அருச்சனைச் சீட்டும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் சாட்சிக் கூண்டில் ஏறும் நாளாகப் பார்த்துப் போங்கள். எத்தனை மணிக்கு எழுதினீர்கள், எங்கே உட்கார்ந்து எழுதினீர்கள், அவன் சொன்ன வார்த்தை எது, நீங்கள் போட்ட வார்த்தை எது என்று வக்கீல் கேட்பார். பதில்களைக் குறித்துக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டத்திலே படியுங்கள்.